கரி முதலாளி சொன்னதெல்லாம் பலித்தது

தம்பி,

உன் கடிதம் நேற்று வந்தது. தபால்காரர் கொடுத்த கையோடு போகாமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நின்றார். மதுரையிலிருந்து வந்த கடிதமாயிற்றே, உன் கல்யாணத்துக்கு நாள் வைத்தாயிற்றா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். தை மாதம் என்று சொல்லி அனுப்பினேன். பெண் வீட்டார் நல்ல மனிதர்கள். பெண்ணும் வாயைத் திறந்து பேசுகிறாள், நம் வீட்டுக்கு அது வேண்டும். அதுவரைக்கும் உன் கடிதம் எனக்கு இனித்தது. அதற்குக் கீழே எழுதியிருந்ததைப் படித்த பிறகு, உலை கொதித்து அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கண்மாய்க்குக் கீழே இருக்கும் நம் வயலைக் கரி முதலாளிக்கு எழுதிக் கொடுத்துவிடலாம் என்கிறாய். பத்திரம் எழுதியாயிற்று, ஆவணிக் கடைசியில் கொண்டு வருகிறேன், அம்மா கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறாய். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்துப் பேசியதை எழுதி, ஏன் என்றும் சொல்லியிருக்கிறாய். 'இன்னும் பத்து வருஷத்தில் கடலாடிப் பக்கம் வெள்ளாமையே இருக்காது என்று அவர் சொல்கிறார் அம்மா. அவர் இதுவரை சொன்னதில் ஒன்றுகூடப் பொய்த்ததில்லை.'

கையெழுத்துப் போட மாட்டேன். அவசரக்காரனாக இருந்தால் இதோடு மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போ. பொழுது இருந்தால் மேலே படி. உன்னோடு அறையில் தங்கியிருக்கும் பையன்களுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டு, இதில் ஒளித்து எழுத ஒன்றுமில்லை. அவர்கள் ஊரிலும் இப்படி ஒரு முதலாளி இருப்பார், கரிக்குப் பதில் வேறு எதையாவது விற்றுக்கொண்டிருப்பார். கல்யாணச் செலவுக்கு என்ன செய்வது என்று நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், என் காதிலும் கழுத்திலும் கிடப்பது வேறு யாருக்காக? அந்தக் கவலையை என்னிடம் விடு. எழுதப் படிக்கத் தெரிந்த தாய் உனக்கு வாய்த்துவிட்டாள், பாவம். கைநாட்டாக இருந்திருந்தால் மையைத் தடவி விரலைப் பிடித்து அழுத்தியிருக்கலாம்.

அந்த மனிதர் முதன்முதலில் நம் ஊருக்கு வந்தபோது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். வெள்ளைக்காரன் போன புதிது. அதற்கு முன்னால், உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் பின்னால் ஒரு அடுப்பைக் கட்டிக்கொண்டு கரியில் ஓடின, அந்தக் கரியை ஏற்றி அனுப்பித்தான் அவர் முதலாளி ஆனார். உடை என்று நாம் சொல்கிற நம் பக்கத்து வேல மரங்கள் எல்லாம் அவருடைய கரி மூட்டத்தில்தான் வெந்தன. சண்டை முடிந்தது, உடை மரமும் முடிந்தது. அப்போது ஒரு மாட்டு வண்டியில் ஒரு மூட்டையோடு வந்து பிள்ளையார் கோயில் முன்னால் இறங்கினார். மூட்டை நிறைய மஞ்சள் நெற்று. இன்றைக்குக் கண்ணுக்கு எட்டிய தூரம் நிற்கிறதே, அந்தச் சீமைக் கருவையின் நெற்று. ஊர் கூடியது. அவர் நன்றாகப் பேசுவார், நீயும்தான் கேட்டிருக்கிறாயே. "இது தண்ணி கேக்காது, காவல் கேக்காது. ஒரு தடவ தூவிட்டா உங்க காலத்துக்கும் நிக்கும். உங்க வீட்டுப் பொம்பளைக விறகுக்கு அலையவே வேண்டியதில்ல. வெள்ளாம பொய்ச்சாலும் இது பொய்க்காது. வெட்டிச் சுடுற கரிய நானே எடுத்துக்கிடுறேன்" என்றார். நான் பெண்கள் பக்கத்திலிருந்து, "தண்ணி கேக்காத மரம் எங்கன போயித் தண்ணி குடிக்கும்?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். உங்க அய்யா மட்டும் திரும்பி என்னை முறைத்தார். முதலாளி கோபப்படவில்லை. "ஆத்தா நல்லாக் கேக்குறாக. அது பூமிக்கு அடியில போயி எடுத்துக்கிடும்" என்றார். பூமிக்கு அடியில் இருப்பது யாருடைய தண்ணீர் என்று கேட்க எனக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை.

ஒன்றை நீ மனத்தில் வைத்துக்கொள். அவர் பொய் சொல்லவில்லை. ராமநாதபுரத்தில் தன் வீட்டுக் கொல்லையிலேயே அந்த மரத்தை வளர்த்தார், போய்ப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அவர் நம்பித்தான் சொன்னார். பொய்யனாக இருந்திருந்தால் ஒரு நாள் முழி காட்டிக் கொடுத்திருக்கும், நாமும் தப்பித்திருப்போம். தனக்கு லாபம் தருகிற ஒன்றை ஒருவன் மனதார நம்பிவிட்டால் அவனைவிட நன்றாகப் பேச யாராலும் முடியாது. எதிரில் இருப்பவன் முகத்தைப் பார்த்தே மயங்கிவிடுவான். உங்க அய்யா மயங்கினார். நீ இப்போது ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் அவர் வாங்கிக் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு மயங்கியிருக்கிறாய்.

நெற்றைத் தூவினோம். கண்மாய்க் கரையில், வரத்துக் கால்வாய் ஓரத்தில், தோட்டத்து வேலியில். சொன்னபடியே வளர்ந்தது. விறகுக்கு அலையவில்லை, அதை நான் மறைக்க மாட்டேன். மழை இல்லாத வருஷங்களில் ஊர் கஞ்சி குடித்தது அந்த மரத்தை வெட்டித்தான். நீ கடலாடியில் படித்ததும் அந்தக் கரியில்தான், நானும் அந்தச் சோற்றைத் தின்றிருக்கிறேன். அந்த மரத்தில் நெற்று காய்த்துத் தொங்கும், கடித்தால் இனிக்கும். கோடையில் ஒரு புல் இல்லாத நாளில் ஆடுகள் அதற்காகப் பறந்தன. ஆடு மேய்க்க வரும் கீதாரிகள் மந்தையை அங்கேயே மேய விட்டார்கள். பிறகு நாம் காலங்காலமாகச் செய்வதைச் செய்தோம். வயலுக்கு உரம் வேண்டுமே, கீதாரியைக் கூப்பிட்டு வயல்வயலாகக் கிடை போட்டோம். ஆடுகள் படுத்து எழுந்தன, புழுக்கை விழுந்தது, உழுதோம், விதைத்தோம். மழை விழுந்ததும் நெல்லுக்கு முன்னால் கருவை முளைத்தது.

யாருக்கும் புரியவில்லை. வேலியில் இருந்த மரம் நடு வயலுக்கு எப்படி வந்தது? உங்க பெரியப்பாதான் வரப்புச் சண்டையை மனத்தில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே நெற்றைத் தூவிவிட்டார் என்று உங்க அய்யா முடிவு கட்டினார். ஊரில் நாலு பேரிடம் சொல்லவும் செய்தார். அண்ணன் தம்பி பேச்சு நின்றது, ஒரு பொங்கல் பேச்சில்லாமல் போனது. கடைசியில் உன் பெரியம்மா முந்தானையில் எதையோ அள்ளிக் கட்டிக்கொண்டு நேரே நம் வாசலுக்கு வந்தாள். "கொழுந்தனாரே, வெளிய வாங்க. யாரு தூவுனான்னு காட்டுறேன்" என்றாள். முந்தானையை அவிழ்த்தாள். உள்ளே ஆட்டுப் புழுக்கை. ஒவ்வொன்றாக நசுக்கிக் காட்டினாள், உள்ளே கருவை விதை அப்படியே மினுமினுவென்று இருந்தது. "உங்க வயல்ல கெட போட்டது நீங்க. எங்க வயல்ல போட்டது நாங்க. இப்ப எம் புருசன் மேல பழியப் போடுறீகளே, அடுக்குமா?" உங்க அய்யா தானும் ஒரு புழுக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தார். நெற்றைத் தின்ற ஆட்டை, எருவுக்காகக் கூலி கொடுத்துக் கூட்டிவந்து, நம் வயலில் நாமே விதைக்க விட்டிருக்கிறோம். இதை முதலாளி செய்யச் சொல்லவில்லை. அவருக்குக் கிடை என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் அவர் சொன்னது பலிப்பதற்கு அவர் ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டியிருக்கவில்லை, நாமே எல்லாவற்றையும் செய்துகொடுத்தோம்.

அதற்குப் பிறகு மழை ஒரு வருஷம் குறைந்தது, மறு வருஷமும் குறைந்தது. முதலாளி மறுபடி வந்தார். இந்தத் தடவை ஜீப். அதே பிள்ளையார் கோயில், ஆனால் பேச்சு வேறு. முதல் தடவை ஆசை காட்டியவர் இப்போது பயம் காட்டினார். "நான் அன்னைக்கே சொன்னேன்ல, வெள்ளாம பொய்க்கும்னு. இனிமே இந்தக் கம்மாய்க்குத் தண்ணி வராது. எத்தனை வருசம் வானத்தப் பாத்துக்கிட்டு இருப்பீக? கால்வாயக் குத்தகைக்கு விடுங்க, வயலையும் விடுங்க. கருவ வளரட்டும், நான் பாத்துக்கிடுறேன்" என்றார். ஆசை காட்டியபோதும் கடைசியில் கையை நீட்டினார், பயம் காட்டியபோதும் கடைசியில் கையை நீட்டினார். ஊரில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. அவர் கவலைப்படுகிறாரே நமக்காக, எவ்வளவு பெரிய மனசு என்று பேசிக்கொண்டே கால்வாயில் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

கால்வாயைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்காது, நீ அப்போது கடலாடியில் படித்துக்கொண்டிருந்தாய். முன்பெல்லாம் மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு போய்க் கால்வாயைத் தூர் எடுக்க வேண்டும். வராத வீட்டுக்காரனை ஊர் சும்மா விடாது. அந்த வருஷம் கூப்பிட்டபோது ஒருவரும் எழுந்திருக்கவில்லை. "வராத தண்ணிக்கு எவன் வாய்க்கா வெட்டுவான்?" என்றார்கள். யாரும் வெட்டாததால் கால்வாய் முழுக்கக் கருவை அடைத்தது. அடைத்ததால், மழை நன்றாகப் பெய்த வருஷத்தில்கூடத் தண்ணீர் நம் கண்மாய்க்கு வராமல் பாதி வழியிலேயே காட்டுப் பக்கம் திரும்பிப் போனது. தண்ணீர் வராததைப் பார்த்து, 'முதலாளி சொன்னது சரியாப் போச்சே' என்று வியந்தார்கள். உன் கடிதத்தில் நீ வியந்திருப்பதும் இதைத்தான். ஒருவர் தண்ணீர் வராது என்கிறார், அதை நம்பி நீ வழியை அடைக்கிறாய், தண்ணீர் வரவில்லை என்றதும் அவரைத் தீர்க்கதரிசி என்கிறாய். இதில் அவர் எதைக் கண்டுபிடித்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒன்றுகூடப் பொய்த்ததில்லை என்று எழுதியிருக்கிறாயே, அதுவும் உண்மையில்லை. இனி ஊரில் ஓடுகிற பஸ்ஸெல்லாம் கரியில்தான் ஓடும், பெட்ரோலுக்கு ஆயுசு இல்லை என்று உங்க அய்யாவிடம் சத்தியம் செய்தார். நீ எந்த பஸ்ஸில் மதுரைக்குப் போனாய்? கமுதிப் பக்கம் பருத்தி ஒழிந்துவிடும் என்றார். போன வாரம்கூடக் கமுதிச் சந்தைக்குப் பருத்தி ஏற்றிய வண்டிகள் நம் ரோட்டில் வரிசையாகப் போயின, தூசி அடங்கவே ஒரு பொழுது ஆனது. மண்ணெண்ணெய் அடுப்பை நம் பெண்கள் தொட மாட்டார்கள் என்றார், உன் பெரியம்மா வீட்டில் இரண்டு இருக்கின்றன. பலித்ததைச் சொல்ல அவர் ஜீப் ஏறி வருகிறார். பொய்த்ததைச் சொல்ல எந்த ஜீப்பும் வராது. நாமும் அதைப் போய்த் தோண்டி எடுத்துப் பார்ப்பதில்லை.

ராமேஸ்வரத்துக்குத் தை அமாவாசைக்குப் போனோமே, உனக்கு நினைவிருக்கிறதா? உன் தாத்தாவுக்குத் தண்ணீர் விடப் போனோம். தனுஷ்கோடிக்குப் போகிற ரயிலை விட்டுவிட்டோம். ஒரு தரகர் ஓடி வந்து, படகில் கொண்டுபோய் விடுகிறோம், கடல் தாம்பாளத்தில் விட்ட தண்ணீர் மாதிரி இருக்கிறது, ஒரு பயமும் இல்லை என்றார். உங்க அய்யா சரி என்றுவிட்டார். கரைக்குப் போனால் படகுக்காரர், வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பாய், துடுப்பைத் தொடவே இல்லை. "வேணாம்மா. வாட ஏறுற மாதிரி தெரியுது. புள்ளயக் கூட்டிக்கிட்டு ஏறாதீக, நாளைக்குப் போங்க" என்றார். தரகர் அவரைத் திட்டினார். "வந்த கிராக்கிய வெரட்டுறியே, நீயெல்லாம் எப்படிப் பொழைப்ப?" என்றார். பாய் அவரைப் பார்த்து, "அப்ப நீங்களும் ஏறுங்க, சேந்து போவோம்" என்றார். தரகர் ஏறவில்லை. நாமும் ஏறவில்லை. அன்றைக்கு வாடைக் காற்று ஏறவே இல்லை. கடல் சாயங்காலம்வரை அப்படியே கிடந்தது. உங்க அய்யா ஊர் திரும்பும்வரை, "ஒரு கூமுட்டப் பேச்சக் கேட்டு ஒரு நாள் வீணாப் போச்சு" என்று புலம்பிக்கொண்டே வந்தார்.

அந்தப் பாய் சொன்னது தப்பு. தரகர் சொன்னது சரி. ஆனாலும் நாளைக்கே நான் அந்தக் கரையில் போய் நின்றால் பாய் சொல்வதைத்தான் கேட்பேன். ஏனென்றால் அவர் தன் கூலியை விட்டுக்கொடுத்துச் சொன்னார். கடலில் இறங்கினால் முதலில் போவது அவர் உயிர். தரகர் சொன்னது பொய்த்தால் தரகர் கரையில் நின்று ஐயையோ என்று சொல்லிவிட்டு அடுத்த ரயிலுக்கு ஆள் பிடிக்கப் போயிருப்பார். பலிக்கிறதா பலிக்கவில்லையா என்று மட்டுமே பார்க்கிறவன் கண்ணுக்குத் தரகர்தான் கெட்டிக்காரர். நீ அப்படிப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை எழுதுகிறேன்.

லாபம் பார்க்கிறவர்கள் எல்லோரும் மோசம் என்று நான் சொல்வதாக நினைத்துக்கொள்ளாதே. உன்னைப் பெற்றபோது வந்த மருத்துவச்சியும் புடவையும் அரிசியும் வாங்கிக்கொண்டுதான் போனாள். அவள் பயப்படாதே என்றாள், நான் பயப்படவில்லை. அவள் பேச்சுத் தப்பாகியிருந்தால் அதே தெருவில், அதே கிணற்றில், என் வீட்டு ஆட்கள் முகத்தில்தான் அவள் விழித்தாக வேண்டும். முதலாளிக்கு எந்தக் கிணறு? அவர் சொன்னது பலித்தால் நம் வயல் அவருக்கு. பலிக்காவிட்டாலும் நம் வயல் அவருக்கு, அப்போது தண்ணீரோடு சேர்த்து. எப்படிப் போனாலும் அவருக்குக் கெடுதல் இல்லை. நீ பஸ் ஸ்டாண்டில் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். வெள்ளாமையே இல்லாமல் போகப்போகிற ஊரில், கரிக்குத்தான் நிலம் வேண்டுமென்றால் மேட்டுக்காடு எவ்வளவோ கிடக்கிறதே, மடைக்கு நேர் கீழே இருக்கிற வயலாகப் பார்த்து எதற்காக வாங்குகிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். நீ கேட்கவில்லை. பயந்துபோனவனுக்குக் கேள்வி வராது, அதற்காகத்தான் பயம் காட்டுகிறார்கள்.

உங்க அய்யா மேட்டு வயலைக் குத்தகைக்கு விட்டார். கீழ் வயலையும் விடப் போனார். நான் போய் வரப்பில் உட்கார்ந்துகொண்டேன். "ஊரே போற பக்கம் போகாம நீ மட்டும் என்ன பெரிய இவ?" என்று கத்தினார். "ஊரு போகட்டும். நான் இங்கனதான் இருப்பேன். சோறு வேணும்னா வரப்புக்கு வாங்க" என்றேன். அன்று சாப்பிடாமலேயே கிடந்தார், மறுநாள் வரப்புக்கு வந்தார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. அவர் கெட்டவர் இல்லை தம்பி, உன்னைப் போலவே சீக்கிரம் நம்பிவிடுவார். காய்ச்சலில் படுக்கும்வரை அந்த வயலில் கருவை வேரைத் தோண்டிக்கொண்டிருந்தார். வெட்டினால் போதாது, வெட்டிய இடத்தில் நாலாகத் துளிர்க்கும். தூரோடு தோண்டி எடுக்க வேண்டும்.

அவர் போன பிறகு நானும் உன் பெரியப்பாவும் பெரியம்மாவும் சேர்ந்து தோண்டினோம். கிடை போடுவதானால் நெற்றுத் தின்னாத மந்தையாகப் பார்த்துத்தான் போட்டோம். வயலில் முளைத்த கன்றை முளைத்த அன்றே பிடுங்கினோம். பிறகு கால்வாய்க்குப் போனோம். குத்தகை முடிந்த பகுதியில், எங்களால் முடிந்த மட்டும் அடைப்பை எடுத்தோம். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் சிலர் மண்வெட்டியோடு திரும்பி வந்தார்கள், பலர் சிரித்துவிட்டுப் போனார்கள். போன வருஷம் கண்மாய்க்குத் தண்ணீர் வந்தது. நிறைய இல்லை, கொஞ்சம். அறுவடையும் பெருமையாகச் சொல்லும்படி இல்லை, கூட்டிச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வராது என்று சொன்ன தண்ணீர் வந்தது.

அந்தச் செய்தி எப்படியோ முதலாளி காதுக்குப் போயிற்று. சித்திரையில் ஜீப் நம் வயலுக்கே வந்தது. செருப்போடு வரப்பில் நின்றுகொண்டு, "எதுக்கு ஆத்தா இந்த வயசுல வீணா ஒழைக்கிறீக? காலம் போற போக்க உங்களால தடுக்க முடியுமா?" என்றார். "காலம் அது பாட்டுக்குப் போகட்டும் மொதலாளி. நீங்க ஏன் அதுக்கு முன்னால வண்டியக் கட்டிக்கிட்டு வாரீக?" என்றேன். சிரித்தார். நல்ல மனிதர்தான், சிரிப்பதில் குறை வைக்க மாட்டார். அதன் பிறகு என்னிடம் அவர் வரவில்லை. ராமநாதபுரத்தில் உன்னைத் தேடிப் பிடித்தார். இத்தனை வருஷம் இல்லாமல் இப்போது உனக்குக் காபி வாங்கிக் கொடுக்க அவருக்கு ஏன் தோன்றியது என்று யோசித்துப் பார்.

இவ்வளவு எழுதிவிட்டு ஒன்றை எழுதாமல் விட்டால் நானும் ஒரு கரி முதலாளிதான். எனக்கும் இதில் லாபம் இருக்கிறது. வயல் இருந்தால் நீ வருவாய். விதைப்புக்கு வராவிட்டாலும் அறுப்புக்காவது வருவாய், பேரன் பேத்தி இந்த மண்ணில் உருளும். வயல் போய்விட்டால் உனக்கு இந்த ஊரில் என்னைத் தவிர ஒன்றுமில்லை, நானும் எத்தனை நாளைக்கு? அதனால் இந்த ஊருக்கு நல்ல காலம் வரும் என்று நான் சொன்னால் அதை நீ அப்படியே நம்ப வேண்டாம். நான் ஆசைப்பட்டுச் சொல்கிறேன், ஆசைப்பட்டவள் கண்ணுக்கு வானத்தில் எப்போதும் மேகம் தெரியும். மழை வருமா என்று எனக்குத் தெரியாது. முதலாளிக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது என் வயல் இன்று எப்படி இருக்கிறது என்பது ஒன்றுதான்.

ஆவணிக் கடைசியில் வா. பத்திரத்தையும் கொண்டுவா, நான் தடுக்கவில்லை. வேண்டுமானால் முதலாளியையும் ஜீப்பிலேயே கூட்டிவா. வயலை உழுது போட்டிருக்கிறேன், நீ வருகிற நாளில் மழைக்குக் காத்திராமல் புழுதியிலேயே விதைக்கப் போகிறோம். பொம்பளை விதைப்பதா என்று ஊர் கேட்கும், கேட்டுக்கொண்டு போகட்டும். இந்த ஊரில் இப்போது செருப்பில்லாமல் ஒருவரும் வயலில் இறங்குவதில்லை. கருவை முள் உள்ளங்காலில் ஏறினால் அதை எடுக்க ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், அப்படி நம்மைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். நான் விதைப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு முன்னால் நடக்கிறேன். இந்தக் கோடி வரப்பிலிருந்து அந்தக் கோடி வரப்புவரை, ஒரு சால் விடாமல் நடக்கிறேன். என் காலில் ஒரே ஒரு முள் ஏறினாலும் அங்கேயே, அந்தப் புழுதியில் உட்கார்ந்து உன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஏறாவிட்டால் நீ உன் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, என் இடுப்பிலிருந்து பெட்டியை வாங்கிக்கொள்.

உன் அம்மா